மதிப்பீட்டுக்கு முன் பாடம்: மலையகத்தில் டிஸ்லெக்சியா

மூன்றாம் தரத்தில் படிக்கும் பிள்ளை. காமன் கூத்துக் கதையை நடித்துக் காட்டச் சொன்னால் வகுப்பே வாய் பிளந்து பார்க்கும். தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் இரண்டாவது வரியில் நின்றுவிடும். மூன்றாவது வரியை முன்பு காதால் கேட்ட நினைவில் சொல்லிச் சமாளிக்கும். ஹட்டன், நுவரெலியா வலயங்களின் தோட்டப் பாடசாலைகளில் இப்படியொரு பிள்ளையைச் சந்திக்காத ஆசிரியர் அரிது. 'மொக்கு' என்ற பட்டம் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும். புலமைப்பரிசில் வகுப்பில் கடைசி வாங்கு, சில ஆண்டுகளில் இடைவிலகல், பிறகு கொழும்பில் கடை வேலை என்று வாழ்க்கை போய்விடும்.

இத்தகைய பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இருப்பது டிஸ்லெக்சியா என்னும் வாசிப்பு இடர்பாடு. வசதியுள்ள நாடுகள் இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்திருக்கின்றன. முதலில் கல்வி உளவியலாளர் ஒலியுணர்வு, நினைவாற்றல், வாசிப்பு வேகம் ஆகியவற்றைச் சோதித்து அறிக்கை தருவார். அந்த அறிக்கையின்படி பயிற்சி பெற்ற ஆசிரியர் கற்பிப்பார். இந்த ஒழுங்கில் கற்பித்தல் முறை நமக்கு வேண்டியதே. ஆனால் அறிக்கை வந்த பிறகுதான் கற்பித்தல் என்னும் வரிசை மலையகத்துக்குப் பொருந்தாது என்பது என் முடிவு.

நிபுணர் மதிப்பீட்டின் பெருமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1896இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பிரிங்கிள் மோர்கன் என்ற வைத்தியர் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாகவும் அதில் பதிவு செய்தார். அறிவு வேறு, வாசிப்பு வேறு என்று பிரித்துக் காட்டியது அந்தப் பார்வை. தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்ற பேச்சைத் தலைமுறைகளாகக் கேட்டுவந்த சமூகத்தில் இந்தப் பிரிப்பின் மதிப்பு மிகப் பெரிது. தாய் தகப்பனின் மனதிலிருந்து ஒரு பாரத்தை அது இறக்கும். சலுகைகளுக்கும் சான்றிதழ் தேவை. தமிழ்நாட்டில் இந்த மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் ஒரு மொழிப்பாட விலக்கும் அதன் பேரில்தான் கிடைக்கின்றன.

குறைகளும் கனமானவை. நுண்ணறிவு ஈவுக்கும் வாசிப்புக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால்தான் டிஸ்லெக்சியா என்று நீண்டகாலம் சொல்லிவந்தார்கள். 2013இல் வெளிவந்த அமெரிக்க உளநோயியல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் அந்த அளவுகோல் இல்லை. அடுத்த ஆண்டு ஜூலியன் எலியட்டும் எலெனா கிரிகொரென்கோவும் எழுதிய நூல் இன்னும் கடுமையாகக் கேட்டது: வாசிக்கத் திணறும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவும் பாடம் ஒன்றேயானால், யாருக்கு டிஸ்லெக்சியா என்று பிரித்து என்ன பயன்? பிள்ளையின் மானத்தைக் காக்கும் பெயர் என்ற வகையில் அந்தப் பிரிப்பு எனக்கு வேண்டும். ஆனால் பாடத்தை வாசலில் நிறுத்திவைக்கும் காரணமாக அதை ஏற்க முடியாது.

மலையகத்தில் அந்த வாசல் வெகு தூரத்தில் இருக்கிறது. டிக்கோயாவில் 2017இல் இந்திய உதவியுடன் புதிய வைத்தியசாலை திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். ஆனாலும் பிள்ளைகளுக்கான சிறப்பு மதிப்பீடு என்றால் பேராதனைக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். கொழுந்து எடுக்கும் தாய்க்கு அது ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, இல்லாமல் போவது. மறு கிளினிக் என்றால் இன்னொரு பேர். போய்ச் சேர்ந்தாலும், தமிழில் பேசி, தமிழில் வாசிக்கவைத்துச் சோதிக்கும் நிபுணர் கிடைப்பது அரிது.

தமிழில் சோதிப்பது என்றால் ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்ப்பது அல்ல. தமிழில் எழுத்தைக் கண்டால் ஒலி பெரும்பாலும் தெளிவு. இப்படிச் சீரான எழுத்துமுறைகளில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை பிழையாக வாசிப்பதைவிட மிக மெதுவாக வாசிக்கும்; எழுதும்போது தடுமாறும். சரியா பிழையா என்று மட்டும் பார்க்கும் சோதனையில் அந்தப் பிள்ளை தப்பிவிடும். 'கொழுந்து' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்தில் கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது, இரண்டும் சேர்ந்து தரும் உயிரொலியோ ககர ஒலிக்குப் பிறகு வருகிறது. அந்தக் குறிகளை இடம் மாற்றிப் போடும் பிள்ளையைக் கவனிக்க வேண்டும். ஆனால் 'கொளுந்து' என்று எழுதும் பிள்ளை லயத்தில் பேசுவதைத்தான் எழுதியிருக்கிறது. அதைக் குறைபாடாகப் பதிவது மதிப்பிடுபவரின் பிழை. இந்தியாவின் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் வெளியிட்ட 'டாலி' சோதனைத் தொகுதி இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் தொடங்கியது. மொழிக்கு மொழி தனியே உருவாக்க வேண்டும் என்ற அதன் அடிப்படை சரியானது. சென்னைப் பிள்ளைகளை வைத்து அளந்த தமிழ்ச் சோதனையைக்கூட இங்கே மறுபடி அளந்து பார்த்தே பயன்படுத்த வேண்டும்.

வேறு காரணங்களும் குறுக்கே நிற்கின்றன. 2016ஆம் ஆண்டின் தேசியக் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 32 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாட்டுச் சராசரி 17 வீதம். பசி, இரத்தச்சோகை, கேட்காத காது, தெளிவில்லாத கண், ஆசிரியர் இல்லாத வகுப்பு என எதுவும் டிஸ்லெக்சியா போலத் தோன்றலாம். ஒரே நாள் சோதனையில் இவற்றைப் பிரித்தறிவது கடினம். ஒழுங்காகக் கற்பித்துப் பார்த்தால், பலர் முன்னேறுவார்கள். அப்போதும் நகராத பிள்ளையைத்தான் நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.

இதற்கான இடம் நம் கல்வி முறையிலேயே இருக்கிறது. 1999இல் நாடெங்கும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் முதன்மை நிலை ஒவ்வொன்றின் முடிவிலும் அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளைப் பார்க்கவும், எட்டாதவர்களுக்குப் பரிகாரக் கற்பித்தல் செய்யவும் சொன்னது. அதில் வாசிப்பு வேகத்தையும் சொல்வதெழுதலையும் சேர்த்தால் முதற்கட்டச் சல்லடை தயார். கற்பிக்கும் முறையும் மர்மமல்ல. ஓர்டனும் கில்லிங்ஹாமும் கடந்த நூற்றாண்டில் வகுத்த வழியில் எழுத்தைப் பார்த்து, ஒலித்து, விரலால் வரைந்து, சிறு படிகளாகத் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். மணலில் விரல் வைத்து எழுதிப் படித்த நம் திண்ணைப் பள்ளிக்கு இது அந்நியமில்லை. 1991இல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தே வளர்ந்தது.

இந்த வழியிலும் ஆபத்து உண்டு. பரிகார வகுப்பு நிரந்தரக் கடைசி வாங்காக மாறலாம். கூர்மையான பிள்ளையை விசேட கல்வி அலகில் போட்டுவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதலாம். நல்ல ஆசிரியர்களையெல்லாம் புலமைப்பரிசில் வகுப்பு இழுத்துக்கொண்டால், இரண்டாம் தரத்துக்கு மிஞ்சுவது யார்? பயிற்சியில்லாத ஆசிரியர் கையில் சல்லடை மட்டும் கிடைத்தால் அது 'மொக்கு' என்பதற்குப் புதிய பெயராகிவிடும்.

ஆகவே கோரிக்கை மத்திய மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும், பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கும், கொட்டகலை ஆசிரியர் கலாசாலைக்கும். தமிழ்மொழிமூல ஆரம்பக் கல்வி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் இந்த முறையைக் கட்டாயப் பாடமாக்குங்கள். தோட்டப் பாடசாலைகள் உள்ள ஒவ்வொரு வலயத்திலும் இதற்கென ஓர் ஆசிரிய ஆலோசகரை நியமியுங்கள். இரண்டு தவணை கற்பித்தும் முன்னேறாத பிள்ளையை வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்; அன்று தாயின் பேர் வெட்டப்படாமல் இருக்கத் தொழிற்சங்கங்கள் பேசட்டும்.