நாணம் தோற்ற ஊர்

ஐந்து சபைகளையும் ஒரே பயணத்தில் கண்டுவிடத் திட்டம் தீட்டும் அன்பர்கள் உளர். ஆலங்காட்டில் இரத்தினம், தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் செம்பு, குற்றாலத்தில் சித்திரம்! நாலைந்து நாள், இரயில், சத்திரம், கட்டுச்சோறு. எல்லாம் கணக்கிடுவர். திருவாலங்காட்டில் கேட்கப்போகும் கதையைமட்டும் எடைபோடார்.

ஆடற்போட்டியில் காளி சளைக்கவில்லை. சிவன் காலைத் தலைக்குமேல் தூக்கினான்; பெண்ணாகிய காளி நாணி நின்றாள்; தோற்றாள். கலையின் வெற்றியா இது? நாணத்தைப் பெண்ணுக்கு மட்டும் விதியாக்கி, அவ்விதியையே படைக்கலமாக்கிப் பெற்ற வெற்றி!

அடுத்து அம்மையார். 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் சொல்வதென்ன? மாங்கனி அற்புதம் கண்டு மிரண்ட பரமதத்தன், ஓடிப்போய் வேறொருத்தியை மணந்தான், மகளும் பெற்றான். கைவிடப்பட்ட புனிதவதியோ, கணவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கென்று தசையை உதறிப் பேயுருக் கொண்டாள். ஓடியவனுக்கு இல்லறம், ஒரு குற்றமும் அறியாதவளுக்குச் சுடுகாடு! இதனைப் பக்தியின் கொடுமுடி என்கின்றனர்.

ஆனால், சேக்கிழாருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அம்மையார் தாமே பாடிய பதிகங்களைப் புரட்டிப் பாருங்கள். மாங்கனி இல்லை, மணவாளன் இல்லை. எரியும் ஈமமும், எலும்பும், பசித்த பேய்களுமே உண்டு. ‘காரைக்கால் பேய்’ என்று தம் பெயரை அச்சமின்றிப் பொறிக்கிறார். அவர்தம் கடவுள் நமக்கு உடன்பாடன்று. பிணக்காட்டை இமைக்காமல் நோக்கிய அந்தத் தமிழ்க் கண் நமக்கு உடன்பாடே.

சேக்கிழார் தந்த மனைவியை ஊரறியும். தாமே எழுதிய புலவரை, மூட்டை கட்டும் அன்பர்களில் எத்தனைபேர் படித்திருக்கின்றனர்?