பொய் சொல்லத் தெரிந்தவனைக் கொல்லலாம்

யாருக்கு மரண தண்டனை கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று யோசிக்கும்போது ஒரு நீதிமன்றம் நாவல் பாத்திரம் ஒன்றைத் துணைக்கு அழைத்திருக்கிறது. இலக்கியத்துக்கும் அதிகாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவைக்கலாம்.

2002இல் அட்கின்ஸ் எதிர் வர்ஜீனியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அறிவுத்திறன் குறைபாடு உடையவர்களுக்கு மரண தண்டனை விதிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அப்படிப்பட்டவர் யார் என்று தீர்மானிக்கும் வேலையை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. ஓட்டை விழுந்தது அங்கேதான். 2004இல் பிரிசெனோ என்பவரின் வழக்கில் டெக்சாஸ் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஜான் ஸ்டெய்ன்பெக் 1937இல் எழுதிய 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவலின் லென்னியைக் கூண்டில் ஏற்றியது. மலை போன்ற உடம்பு, குழந்தை மனசு, மென்மையானதைத் தடவிக்கொடுக்கப் போய்க் கொன்றுவிடுகிற கை, அவன்தான் லென்னி. லென்னிக்கு விலக்கு அளிக்கலாம் என்று டெக்சாஸ் மக்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள், ஆனால் மருத்துவ வரையறைக்குள் வருகிற அத்தனை பேருக்கும் விலக்கு கொடுக்கச் சம்மதிப்பார்களா என்பது நீதிமன்றத்தின் கவலை. பிறகு ஏழு கேள்விகளை அது வகுத்தது. திட்டம் போட்டுச் செயல்படத் தெரிந்தவனா? பிறரை வழிநடத்துகிறவனா, பிறர் இழுத்த இழுப்புக்குப் போகிறவனா? தன் நலனுக்காக உண்மையை மறைக்கவோ, சாமர்த்தியமாகப் பொய் சொல்லவோ முடிந்தவனா? இப்படிப் போகிறது பட்டியல். இவற்றில் எதுவும் மருத்துவ அளவுகோல் அல்ல. 'அசடு என்றால் இப்படித்தான் இருக்கும்' என்கிற தெருப்பேச்சு, சட்டச் சொல்லாடலாக வேஷம் கட்டி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே நாவலை ஒழுங்காகப் படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லென்னியே பொய் சொல்கிறான். செத்த எலியைப் பையில் ஒளித்துக்கொண்டு ஜார்ஜிடம் ஒன்றுமில்லை என்கிறான். நாய்க்குட்டியைக் கொன்றுவிட்டு, வைக்கோலில் மறைத்து, செத்துக்கிடந்ததைப் பார்த்தேன் என்று சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறான். ஆக, பொய்க் கேள்வியைக் கறாராகக் கேட்டால் லென்னியே தேற மாட்டான். நீதிமன்றத்துக்குத் தேவைப்பட்டது லென்னி என்னும் பாத்திரம்கூட இல்லை, லென்னியைப் பற்றிய ஒரு பொதுப்புத்திப் பிம்பம்.

2012 ஆகஸ்டில் மார்வின் வில்சனை டெக்சாஸ் ஊசி போட்டுக் கொன்றது. ஒரு பரிசோதனையில் அவருடைய ஐ.க்யூ. 61 என்று வந்திருந்தது. தன் தந்தையின் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தியதை ஸ்டெய்ன்பெக்கின் மகன் கண்டித்தார். அந்த ஏழு கேள்விகளை 2017இல்தான் மூர் எதிர் டெக்சாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

பொய் சொல்வது, மறைப்பது, தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வது எல்லாம் 'நல்ல மூளை'யின் அடையாளம் என்பது சரியா? மருத்துவமனையிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் வாழ்க்கையைக் கலிபோர்னியாவில் ஆராய்ந்தவர் மானுடவியலாளர் ராபர்ட் எட்ஜர்ட்டன். 1967இல் வந்த அவருடைய நூல் வேறொன்றைச் சொல்கிறது. அந்த முத்திரையை மறைப்பதிலேயே அவர்களுடைய அன்றாடம் கழிகிறது. மணி பார்க்கத் தெரியாதவர் கைக்கடிகாரம் கட்டிக்கொள்கிறார். நின்னுபோச்சு என்று சொல்லிப் பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேட்டுக்கொள்கிறார். காலம் பூரா 'முட்டாள்' என்று ஏச்சு வாங்கியவர், புரியாவிட்டாலும் புரிந்தது என்றுதான் தலையாட்டுவார். குறைபாட்டோடு வாழ்வதன் பகுதியாகவே இருக்கிற இந்த மறைப்பை, குறைபாடு இல்லை என்பதற்கான சாட்சியமாக நீதிமன்றம் வாசிக்கிறது.

இதே தலையாட்டல் காவல் நிலையத்தில் நடந்தால் அதற்குப் பெயர் ஒப்புதல் வாக்குமூலம். வர்ஜீனியாவில் ஏர்ல் வாஷிங்டன் என்ற கறுப்பின விவசாயக் கூலி, ஐ.க்யூ. 69, 1983இல் ஒரு கொலையைத் தான் செய்ததாக ஒப்புக்கொண்டார். கொல்லப்பட்ட வெள்ளைப் பெண்ணைக் கறுப்பினப் பெண் என்றார். எத்தனை குத்து என்பதைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் 1984இல் மரண தண்டனை விதித்தார்கள். 1985இல் சாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. மரபணுச் சோதனை அவரைக் குற்றமற்றவர் என்று காட்டி, மன்னிப்பு கிடைத்தது 2000இல். ஆமாம் என்றால் நம்புகிறார்கள். இல்லை என்றால், 'பொய் சொல்லத் தெரியுதே' என்கிறார்கள்.

அதே 69 என்ற எண், கடல் கடந்து நம் ஆள் ஒருவரையும் தொட்டது. மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கம் 2009இல், 21 வயதில், தொடையில் கட்டிய 42.72 கிராம் ஹெராயினோடு சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டார். 15 கிராமைத் தாண்டினால் கட்டாய மரண தண்டனை என்பது சட்டம், 2010இல் விதித்தார்கள். பொருளைச் சுமந்து வந்தவர் மட்டுமே என்றும், பொறுப்புணர்வைப் பெரிதும் பாதிக்கும் மனக்கோளாறு இருந்தது என்றும் நிரூபித்தால் ஆயுள் தண்டனையாகக் குறைக்கலாம் என்று 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. நாகேந்திரன் அந்தக் கதவைத் தட்டினார். அவருடைய குறைந்த அறிவுத்திறன், ஆபத்தை எடைபோட முடியாமல் போனதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அரசுத் தரப்பு மனநல மருத்துவரே சொல்லியிருந்தார். ஆனால் 'எல்லைக்கோட்டு அறிவுத்திறன்' சட்டம் கேட்கிற மனக்கோளாறு ஆகாது என்றது நீதிமன்றம். 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரிடம் கண்டது, லாப நஷ்டக் கணக்குப் போடும் ஒரு குற்ற மனத்தை. பொட்டலத்தை மறைத்துக் கட்டியிருந்தார் என்றார்கள். சோதனை போட வந்தவர்களிடம், தான் செக்யூரிட்டி வேலை பார்ப்பதாகச் சொல்லித் தப்பப் பார்த்தார் என்றார்கள். நின்றுபோன கைக்கடிகாரத்துக்கும் இந்தச் செக்யூரிட்டி வேலைக்கும் என்ன வித்தியாசம்? 2022 ஏப்ரல் 27 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

குறைபாடு உள்ளவர்களுக்குப் பொறுப்பே கிடையாது என்று நாம் வாதாட வரவில்லை. அப்படிச் சொல்வது அவர்களைத் தொட்டில் குழந்தைகளாக்கும் இன்னொரு அதிகாரம். அவர்களும் ஆசைப்படுவார்கள், கடன்படுவார்கள், காசுக்காக ஒரு பொட்டலத்தைச் சுமப்பார்கள். உயிரோடு இருக்கத் தகுதி வேண்டுமானால் அப்பழுக்கில்லாத வெகுளியாக இரு என்று சட்டம் அவர்களிடம் கேட்கிறதே, அந்த நிபந்தனையைத்தான் உடைக்க வேண்டும்.

அந்த வெகுளிப் பிம்பத்தை உற்பத்தி செய்வதில் எழுதுகிறவர்களுக்கும் படம் எடுக்கிறவர்களுக்கும் பங்கு உண்டு. '16 வயதினிலே' (1977) சப்பாணிக்காக நாம் அழுதோம். அவன் கொலை செய்துவிட்டு ஜெயிலுக்குப் போகிறான்; மயில் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள். இடையில் ஒரு வழக்கு நடந்திருக்க வேண்டுமே, அதில் அவனிடம் என்ன கேட்டார்கள், அவனுக்கு என்ன புரிந்தது, எதற்கெல்லாம் தலையாட்டினான் என்று படம் காட்டவில்லை. பார்த்த நமக்கும் கேட்கத் தோன்றவில்லை. எழுதப்பட வேண்டியது அந்தக் காட்சிதான். அதில் சப்பாணி பொய் சொல்லட்டும், திட்டம் போடட்டும், எரிச்சலூட்டட்டும். அப்போதும் அவனைக் கொல்லக் கூடாது என்று நம்மால் சொல்ல முடிகிறதா என்று பார்ப்போம்.