அந்திக்கு அடைக்கும் கோழி

2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ வந்து சேர்ந்த பெங்களூரு பொம்மசந்திராவில், தொழிற்பேட்டைச் சங்குக்கு முன்பே கூவும் கொல்லைச் சேவலை எனக்கு மிகவும் பிடிக்கும்.

புறக்கடை வளர்ப்புக்கென்றே பெங்களூரு ஹெப்பாளில் உருவாக்கிய இனங்கள் கிரிராஜாவும் சுவர்ணதாராவும். கிரிராஜா கனத்த உடம்புக்காரி. எடை குறைந்த சுவர்ணதாரா, பூனை பாய்ந்தால் சட்டென்று தப்பிவிடும்.

குஞ்சுக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? அதற்குத்தான் பஞ்சாரம். மூங்கில் சிம்புகளில் பின்னிக் கவிழ்த்த கூடை. காற்றும் வெயிலும் உள்ளே போகும், பருந்தின் நகம் போகாது. இரவுக்கு அது போதாது. பெருச்சாளி மண்ணைப் பறித்துக்கொண்டு நுழைந்துவிடும். தரையிலிருந்து உயர்த்திய கூண்டு, நெருக்கமான கம்பி வலை, இறுகப் பூட்டும் தாழ்ப்பாள் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பகை வெள்ளைக் கழிச்சல். முதல் வாரத்திலேயே லசோட்டா தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு விடவேண்டும். குஞ்சை உள்ளங்கையில் அணைத்து, சொட்டு இறங்கி அது கண் சிமிட்டும்வரை பொறுத்திருக்கும் விரல்களின் நிதானம் பார்க்கப் பார்க்க அழகு.

தீனி யாரும் போடலாம். பொழுது சாயும்போது ஒன்றுவிடாமல் எண்ணி அடைப்பவரிடம்தான் கோழி தழைக்கும்.