மூடிய நிரலும் ஓடும் கணக்கும்

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றின் இணையதளம் ஏ.எஸ்.பி. என்ற பழைய சர்வர் நிரல்முறையில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆடித் தள்ளுபடிக்கான நிரல் வரிகள் ஆவணி பிறந்ததும் அடங்க வேண்டும். பராமரிப்பவர் அவற்றை அழிப்பதில்லை. ஒவ்வொரு வரியின் முன்னும் ஒற்றை மேற்கோள் குறி இட்டு, இயங்காத கமென்ட் ஆக்கிவிடுகிறார். அடுத்த ஆடிக்கு உதவும் என்பது கணக்கு.

இதில் நியாயம் உண்டு. 1996இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஏ.எஸ்.பி.யில் பக்கத்தைத் திருத்திச் சேமித்தாலே போதும்; தனியாகக் கம்பைல் செய்ய வேண்டியதில்லை. கோளாறு எங்கே என்று தேட, வரிகளை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்ப்பதைவிட விரைவான வழி கிடையாது. நிரலின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் கிட் வந்ததே 2005இல்தான். அதற்கு முன் சிறு தளங்கள் பலவற்றுக்கு இந்தக் குறியே காப்புப் பிரதி.

குறை மொழியின் அமைப்பிலேயே தொடங்குகிறது. ஏ.எஸ்.பி. பக்கங்களைப் பெரும்பாலும் எழுதும் மொழியான வி.பி.ஸ்கிரிப்டில் பல வரிகளை ஒருசேர மூடும் குறி இல்லை. சலித்துப்போனவர் மொத்தத் துண்டையும் எச்.டி.எம்.எல். கமென்டுக்குள் அடைத்துவிடுவார். ஆபத்து இங்கேதான். அந்தக் குறி பிரவுசருக்கு உரியது. சர்வர் அதைப் பொருட்படுத்தாமல் உள்ளிருக்கும் நிரலை வழக்கம்போல் இயக்கும். திரையில் தள்ளுபடி அறிவிப்பு மறைந்திருக்கும். பில்லில் விலை குறைந்தே வரும். அந்தத் துண்டு கொள்முதல் விலையை எழுதுவதாக இருந்தால், பக்கத்தின் மூலத்தைத் திறக்கும் எவரும் அதைப் படித்துவிடலாம்.

மூடி வைத்தால் பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கைக்குக் காஞ்சியிலேயே சான்று உண்டு. கைலாசநாதர் கோயிலில் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த பல்லவர் ஓவியங்களை 1931இல் பிரெஞ்சுத் தொல்லியல் அறிஞர் ழூவோ துப்ரேய் கண்டெடுத்தார். ஆனால் ஓவியம் தனித்து நின்று பொருள் தரும், நிரல் தராது. அது நம்பியிருக்கும் மாறியும் அட்டவணையும் இதற்குள் பெயர் மாறியிருக்கும். சில ஆடிகள் கழித்துக் குறியை நீக்கினால் பிழைச்செய்திதான் மிஞ்சும். ஏன் மூடினார்கள் என்ற குறிப்பும் பெரும்பாலும் இராது.

வி.பி.ஸ்கிரிப்டைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்துவிட்டது. இத்தகைய தளங்களை வேறு மொழிக்கு மாற்ற வருபவர், எந்த வரி தேவை, எது குப்பை என்று பிரிப்பதிலேயே அலுத்துப்போவார்.

ஆகவே கமென்ட் செய்வது சோதனைக்கு ஏற்றது, சேமிப்புக்கு ஏற்றதல்ல. தள்ளுபடியின் தொடக்க நாளையும் முடிவு நாளையும் டேட்டாபேஸில் வையுங்கள். பழைய நிரலைக் கிட்டில் சேமியுங்கள். முடக்கிய வரிகளைச் சோதனை முடிந்த அன்றே அழித்துவிடுங்கள்.