"25-இல் 22 பேர் அடைந்தனர்": ஒரு சிந்தனை மீட்சியைப் படித்தபோது

ஆங்கிலப் பயிற்சி ஆசிரியர்களின் நாள் பாடத்திட்டத்தைப் படித்துக் கையெழுத்திடுவது வழிகாட்டி ஆசிரியரின் வேலை. நான் முதலில் பார்ப்பது கடைசிப் பெட்டியை: சிந்தனை மீட்சி. "25 மாணவர்களில் 22 பேர் பாட நோக்கத்தை அடைந்தனர். மூவருக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்பட்டது." எண்ணை மாற்றினால் நாளைக்கும் ஆகும். நானும் எழுதியிருக்கேன், நீங்களும் எழுதியிருப்பீங்க. ஆனால் எழுத்து என்று பார்த்தால் இதில் ஒரு பிள்ளைகூட இல்லை.

பத்துமலைப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி, ஆண்டு 3. விரிவுரையாளர் பார்வையிட வந்த நாள். பீடிகைக்குப் பாட்டு, படம், மாஜோங் தாள் என்று அமர்க்களம். குடும்பத்தினரின் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு பையன் எழுந்து, "மை மதர் டீச்சர்" என்றான். பயிற்சி ஆசிரியை, "மை மதர் இஸ் எ டீச்சர்" என்று திருத்தினார். பையனும் திருப்பிச் சொன்னான். அடுத்து ஒரு பெண்பிள்ளை: "மை ஃபாதர் லாரி டிரைவர்." மறுபடி திருத்தம். இப்படி ஆறு பேர், ஒரே பிழை. சிந்தனை மீட்சியில் வழக்கம்போல 22.

அந்தப் பிழைக்குள்தான் அன்றைய பாடமே இருந்தது. "என் அம்மா ஆசிரியர்" என்றால் தமிழில் வாக்கியம் முடிந்துவிடும். மலாயிலும் "ஈபு சாயா குரு" போதும். இரண்டிலும் 'இஸ்' கிடையாது, 'எ' கிடையாது. பிள்ளை சோம்பேறித்தனமாகப் பேசவில்லை. இரண்டு மொழிகளில் சரியாகக் கற்றதை மூன்றாவதற்கும் கொண்டுவருகிறது. மூன்று வாக்கியத்தையும் வெண்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, "இங்கிலீஷ்ல மட்டும் நடுவுல என்ன புதுசா இருக்கு?" என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். மறுநாளும் சிலர் விடுவார்கள்தான். ஆனால் எதை விட்டோம் என்று தேடத் தெரியும்.

பிறகு கேட்டேன், "ஏம்மா, அதைத் தமிழ்ல சொல்லிருக்கலாமே?"

"மார்க் போயிடும் டீச்சர்."

எந்த விரிவுரையாளர் அப்படிச் சொன்னார் என்று கேட்டால் அவருக்கே நினைவில்லை. ஆனாலும் பயத்தில் நியாயம் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் நேரம் தேசியப் பள்ளியைவிடக் குறைவு. பல பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவதே அந்த நேரத்தில்தான். பாடம் முழுவதும் தமிழிலேயே ஓடி முடிந்த ஆங்கில வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன்; அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. நான் கேட்பது இரண்டு நிமிடம்.

1952 முதல் 1962 வரை மலாயா ஆசிரியர்கள் லிவர்பூல் அருகே கெர்க்பியில் பயிற்சி பெற்றார்கள். (1956 பிப்ரவரி 7-இல் துங்கு சுதந்திர நாளை அறிவித்த அதே கெர்க்பிதான்.) அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டுமொழியே ஆங்கிலம், 'இஸ்' ஏன் விடுபடுகிறது என்ற கேள்வி அங்கே எழ வழியில்லை. இன்றைய கல்விக் கழகப் பயிற்சி ஆசிரியருக்கு மூன்று கட்டக் கற்பித்தல் பயிற்சியும் நம் பள்ளிகளிலேயே கிடைக்கிறது. கிடைத்தும், விரிவுரையாளர் வந்து உட்கார்ந்ததும் வகுப்பு லிவர்பூல் ஆகிவிடுகிறது.

பாடநூல் உதவுமா? 2017-இல் ஆண்டு 1-இல் தொடங்கிய செஃபர் பாடத்திட்டத்தோடு வந்தவை வெளிநாட்டுப் பதிப்பக நூல்கள். ஆண்டு 3-க்கு 'கெட் ஸ்மார்ட் பிளஸ் 3'. பல நாட்டுப் பிள்ளைகளுக்காக எழுதிய நூலுக்கு நம் பிள்ளையின் தமிழும் மலாயும் எப்படித் தெரியும்? மூன்றும் தெரிந்தவர் வகுப்பில் ஒருவர்தான். அவரோ மதிப்பெண்ணுக்குப் பயந்து இரண்டை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிறார்.

தேர்வுக்குத் தயாராகும் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒன்று: சிந்தனை மீட்சியில் எண்ணுக்கு முன்னால் பிள்ளை சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். ஏன் அப்படிச் சொன்னது, நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று தொடருங்கள். விரிவுரையாளர் கேட்டால் பதில் கையிலேயே இருக்கும்.

அந்த ஆசிரியையை அன்றைக்கே திரும்ப எழுதச் சொன்னேன். ஆறு வாக்கியங்களையும் எழுதினார். படிவத்தில் அந்தப் பெட்டிக்கு மூன்று வரிதான் இடம். மீதிக்குத் தாள் ஒட்டிக் கொண்டுவந்தார்.