தார்சும் தீராந்தியும்

திருப்பூர் மாவட்டத்துச் சாமளாபுரம் பக்கம் எந்தத் தறிக்குடோனுக்குள் நுழைந்தாலும் வெளிச்சம் ஒரே மாதிரிதான் தொங்கும். மேலே இரும்புச் சட்டம், அதிலிருந்து இரண்டு சங்கிலி அல்லது வெறும் கட்டுக்கம்பி, அதில் டியூப்லைட் பட்டி. பாவு நூல் அறுந்தால் கண்ணில் படுகிற உயரம். யாரும் வரைபடம் போட்டுக் கட்டியதில்லை. நிழல் எங்கே விழுகிறது, தறி ஓட்டுகிறவர் கை எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து ஏற்றி இறக்கியது. இந்த ஊரில் ஒருவர் வீட்டில் ஆறடி மீன் தொட்டி வைத்து, அதற்குக் கூரையிலிருந்து விளக்குப் பந்தல் தொங்கவிட நினைத்தால், பாதி வித்தை பக்கத்துக் குடோனிலேயே கிடைத்துவிடும். மீதியை யாழ்ப்பாணத்து வீடுகளிடம்தான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் ஏறக்குறைய 680 லிட்டர் தண்ணீர். இந்த அளவுத் தொட்டிக்கும் கடைக்காரர்கள் விளிம்பில் உட்காருகிற பிளைவுட் மூடியைத்தான் தள்ளிவிடுவார்கள். நீராவி பட்டு அது உப்பிப்போகும். செடி வெட்ட, கண்ணாடி வழிக்க, மீன் பிடிக்க, ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கிச் சுவரில் சாய்க்க வேண்டும். மேலிருந்து தொங்கினால் தொட்டியின் வாய் திறந்திருக்கும், கை தாராளமாகப் போகும், விளக்கின் சூடு தண்ணீரில் இறங்காது. கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும் திருப்பூர் வட்டாரத்தில் அந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும்.

ஆனால் எதில் தொங்கவிடுவது? இந்தியாவும் இலங்கையும் பிரிகிற இடம் இதுதான்.

நம் பக்கம் வசதி வந்ததும் முதல் வேலை ஓட்டைப் பிரித்துத் தார்சு போடுவது. நாலரை, ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம். பதினைந்து கிலோ விளக்குப் பந்தல் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சுத்தியல் டிரில்லால் இரண்டு அங்குல ஆழத்துக்குத் துளை போட்டு, எட்டு மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் நான்கு இறக்கினால் முடிந்தது. துளை போடும்போது கம்பி இடித்தால் இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். அது பெரிய விஷயமில்லை. ஆபத்து வேறு. மின்விசிறிப் பெட்டியிலிருந்து சுவரில் உள்ள சுவிட்ச் போர்டு வரை ஒயர் குழாய் தளத்துக்குள்ளேயே புதைந்து போகிறது. நல்ல ஒயர்மேன் மெயினை அணைத்துவிட்டுத்தான் டிரில்லைக் கையில் எடுப்பார். "குழாய் எப்படிப் போவுதுன்னு வீடு கட்டுனவருக்கே மறந்திருக்கும்ங்கணா, நாமதான் பாத்துக்கோணும்" என்பார். விசிறியையும் மறக்கக் கூடாது. 48 அங்குல விசிறி மையத்திலிருந்து இரண்டடி சுற்றுகிறது; அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் தொங்குகம்பி வரவே கூடாது.

தார்சில் ஒரு கெட்ட குணமும் உண்டு. எதையும் தாங்கும் என்பதால் எதையும் ஏற்றச் சொல்லும். வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் ஒன்றரை அங்குல இரும்புச் சதுரக் குழாயில் கட்டில் மாதிரி ஒரு சட்டம் வரும். அதில் ஐம்பது வாட் ஃப்ளட் லைட் நான்கு, ஒரு காற்றாடி, மேலே அழகுக்கு ஏசிபி ஷீட். முப்பது கிலோவைத் தொட்ட பிறகு அதை இறக்கித் துடைக்க யாருக்கும் மனம் வராது.

இலங்கையில் கொழும்பு அடுக்குமாடிகளை விட்டுவிட்டால் பெரும்பாலான வீடுகளுக்கு ஓடு, இல்லையேல் அஸ்பெஸ்டஸ் தகடு. அதன் கீழே மெல்லிய பலகையிலோ தகட்டிலோ சீலிங். அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது சுமை தாங்கும் கூரையே இல்லை. அதில் திருகாணி இறக்கினால் சீலிங்கும் பந்தலும் சேர்ந்து தொட்டிக்குள் வரும். ஆகவே வேலை சீலிங்குக்கு மேலே தொடங்குகிறது. ஒருவர் ஏறி, தீராந்தி என்கிற கூரை உத்தரம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, இரண்டு தீராந்திகளுக்குக் குறுக்கே ஒரு மரத்தைக் கிடத்தி, அதிலிருந்து கம்பியைக் கீழே விட வேண்டும். சீலிங்கில் கம்பி போகிற துளை மட்டும்தான்.

பழைய யாழ்ப்பாண வீடுகளில் கூரை மரம் பனையாக இருக்கும். பனைக்கு வைரம் வெளிப்பக்கம், உள்ளே சோறு. நடுவில் இறங்கிய திருகாணி பிடிக்காது, ஓரத்தில் அடித்த ஆணி மரத்தைப் பிளக்கும். துளைக்காமல் மரத்தைச் சுற்றிக் கவ்வுகிற இரும்புப் பட்டையே சரி. கொங்கு நாட்டு ஓட்டு வீடுகளிலும் பனைவாரை உண்டு. அங்கேயும் இதே முறைதான் செல்லும். அஸ்பெஸ்டஸ் சீலிங் என்றால் இன்னொரு எச்சரிக்கை. இலங்கை நீல அஸ்பெஸ்டஸை 1987இலேயே தடை செய்தது, வெள்ளை அஸ்பெஸ்டஸ் வீடுகளில் நிலைத்துவிட்டது. அதன் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. வேறு வழி இருந்தால் துளைக்காமல் விடுவதே நல்லது. துளைத்தே ஆக வேண்டுமென்றால் நனைத்து, கைத்துரப்பணத்தால், முகமூடியோடு.

இத்தனை சிரமம் இருப்பதால் பந்தலின் எடையை முதலிலேயே எண்ண வேண்டியிருக்கிறது. இரும்பு வேண்டாம், அலுமினியக் கோணம் போதும். அந்த அலுமினியமே எல்.இ.டி.யின் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். மின்மாற்றிப் பெட்டியைப் பந்தலில் ஏற்றாமல் சுவரில் வைத்து, 12 அல்லது 24 வோல்ட்டை மட்டும் மேலே அனுப்பலாம். இப்படிச் செய்தால் ஆறடிப் பந்தல் ஐந்தாறு கிலோவில் அடங்கும். தண்ணீருக்கு மேலே 230 வோல்ட் தொங்கவில்லை என்ற நிம்மதியும் வரும். பலமில்லாத கூரை தன் வீட்டுக்காரருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. தார்சு வீட்டுக்காரரும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்றி இறக்குவதற்கும் யாழ்ப்பாணத்தில் முன்னுதாரணம் இருக்கிறது: கிணற்றுத் துலா. ஒரு முனையில் பாரம் இருந்தால் மறுமுனை லேசாக எழும். பந்தலின் எடைக்குச் சமமான பாரத்தைக் கப்பி வழியே சுவரோரம் தொங்கவிட்டால் ஒரு விரலால் பந்தலை மேலே தள்ளிவிட்டுச் செடி வெட்டலாம். கணக்கு மட்டும் தவறக் கூடாது. ஒருபுறம் பந்தல், மறுபுறம் எதிர்பாரம் என்று கயிறு இருபுறமும் நேராக இறங்கும்போது கப்பியின் கொக்கி இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறது. ஆறு கிலோப் பந்தலுக்குப் பன்னிரண்டு கிலோ. தார்சுக்கு இது ஒன்றுமில்லை, குறுக்குமரத்துக்கு இது கேள்வி.

சாமளாபுரத்துக்கே உரிய இரண்டு தொல்லைகளுக்கு இலங்கையில் விடை கிடையாது. முதலாவது அதிர்வு. சுவருக்கு அந்தப் பக்கம் நாடாத்தறி ஓடினால் தரை முழுக்கத் துடிக்கும். தார்சு உயரம் பத்தடி, தண்ணீர் மட்டம் தரையிலிருந்து நாலரை அடி, பந்தல் அதற்கு ஒன்றரை அடி மேலே என்றால் தொங்குகம்பி நாலடி நீளம். நான்கு கம்பியும் நேராக இறங்கினால் பந்தல் ஊசலாடும், வெளிச்சம் தொட்டிக்குள் அலையும், மீன் மிரளும். மேலே அகன்று கீழே குறுகி, சாய்வாகக் கட்டினால் ஆட்டம் நிற்கும். நட்டுகள் தானாகக் கழன்றுகொள்ளும் என்பதால் இரட்டை நட்டு. தறி ஃபிட்டர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது பஞ்சு. குடோனை ஒட்டிய வீட்டில் பஞ்சுத் தூசி எங்கும் படியும். விளக்கின் முதுகில் உள்ள அலுமினிய மடிப்புகளுக்குள் அடைத்துக்கொண்டால் சூடு வெளியேறாது, விளக்கின் ஆயுள் குறையும். காற்றாடி வைத்தால் இன்னும் மோசம். பஞ்சை அதுவே உறிஞ்சி உள்ளே நிரப்பும். பஞ்சும் சூடும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்று நூல் மில்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்றாடி இல்லாமல், மேல்தகட்டைச் சாய்வாக வைத்து, வாரம் ஒருமுறை துணியால் துடைப்பது ஒன்றே வழி. இலங்கைக் கரையோரத்தில் பகை வேறு: உப்புக்காற்று. அங்கே சாதாரண இரும்புக் கொக்கி சீக்கிரம் துருவேறும், எவர்சில்வர் கம்பி கட்டாயம். இங்கே நாக முலாம் பூசியது தாராளமாக ஓடும்.

வெளிச்சத்தின் நிறத்தில் திருப்பூர்க்காரருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. பனியன் துணியின் ஷேடு பார்க்கும் லைட் பாக்ஸுக்குள் டி65 என்றொரு விளக்கு எரியும். பகல் வெளிச்சத்துக்கு ஈடாக வகுத்த, ஏறக்குறைய 6500 கெல்வின் வெள்ளை. செடித் தொட்டிக்கு உலகெங்கும் பரிந்துரைப்பதும் அதே 6500தான். ஒரு விளக்கில் ஒத்துப்போன இரண்டு துணிகள் இன்னொரு விளக்கில் வெவ்வேறாகத் தெரிவதை இங்கே மெர்ச்சண்டைசர்கள் தினமும் பார்க்கிறார்கள். மீனும் அப்படித்தான். நீலம் தூக்கலான மலிவு விளக்கின் கீழ் சிவப்பு மீன் செத்த நிறமாகத் தெரியும். கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயத்திலும் ஆடைத் தொழிற்சாலைகள் உண்டு என்பதால் இந்த அறிவு இலங்கைக்கும் புதிதல்ல. ஆனால் தெருவுக்குத் தெரு ஷேடு பேசுகிற ஊர் இது.

எவ்வளவு வெளிச்சம் என்பதைக் கூரை தீர்மானிக்க விடக் கூடாது, தொட்டியில் இருப்பவை தீர்மானிக்க வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை. நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கிரிப்டோகோரைன் வென்ட்டியை செடி இலங்கைக்கே உரியது. ஈரவலயத்து ஓடைகளில் நிழலில் வளர்வது. அதே நிழலோடைகளின் மீன்தான் 1929இல் விலங்கியலாளர் தெரணியகல விவரித்த செர்ரி பார்ப். இவை இரண்டும் குறைந்த வெளிச்சத்தில் சுகமாக இருக்கும். வெளிச்சம் கூடினால் செடியில் பாசி ஏறும், மீன் மூலையில் ஒடுங்கும். மாறாகத் தென்னிந்தியாவுக்குச் சொந்தமான ரோட்டாலா மக்ராண்ட்ரா கொட்டும் வெளிச்சம் கேட்கும். இல்லையென்றால் சிவப்பு வெளுத்து, கீழிலை உதிரும். தார்சு வீட்டுக்காரர் இலங்கைச் செடியை நட்டு நான்கு ஃப்ளட் லைட்டை அதன் தலையில் எரிக்கிறார். பாசியைப் பார்த்துத் தண்ணீரைக் குறை சொல்கிறார். சாமளாபுரத்துப் போர்த் தண்ணீர் உப்புத்தான், ஆனால் இந்தப் பழி அதற்கு வேண்டியதில்லை.

முன்பக்க மறைப்பை மட்டும் விட்டுவிடக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்தவர் கண் நாலடி உயரம், பந்தலின் அடி ஆறடி. நேரே விளக்கின் கண்ணுக்குள் பார்ப்பார். ஐந்து அங்குலத் தகடு ஒன்று முன்னால் தொங்கினால் அந்தக் கூச்சம் பெரும்பாலும் போகும்.

மின்கணக்கைப் பார்த்தால் நூறு வாட் விளக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 48 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் 2016இலிருந்து உண்டு; தொட்டி அதில் பாதியைத் தின்கிறது. விசைத்தறிக்கு 2023இல் இலவசம் ஆயிரம் யூனிட்டாக உயர்ந்தது என்பதற்காகத் தறி சர்வீஸிலிருந்து தொட்டிக்கு ஒயர் இழுக்கிற ஆசை சிலருக்கு வரும். அது மின்வாரியக் கண்ணில் பட்டால் அபராதம் மீனின் விலையைப் போல் பல மடங்கு. இலங்கையில் கணக்கு மாதாமாதம். 24 யூனிட் கூடினால் 60 யூனிட் கோட்டைத் தாண்டி வேறு கட்டண வரிசைக்குள் வீடு விழுந்துவிடலாம். 2022 ஆகஸ்டில் அங்கே சராசரியாக 75 சதவீதம் கட்டணம் ஏறியபோது இந்தக் கோடு நிறைய வீடுகளில் வெளிச்சத்தைக் குறைக்க வைத்திருக்கும். அதே ஆண்டு மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. 2012இல் நாமும் பட்டோம். 12 வோல்ட் பந்தல் என்றால் ஒரு பேட்டரியோடு நேராக இணைத்துக்கொள்ளலாம் என்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

கடைசியாகப் பிளக். இலங்கையில் தேசியத் தரமாகிவிட்ட 13 ஆம்பியர் சதுர முனைப் பிளக்குக்குள் ஃபியூஸ் உண்டு; விளக்குக்கு 3 ஆம்பியர் ஃபியூஸை மாற்றிப் போட்டால் ஒயரைக் காக்கும். நம் வட்ட முனைப் பிளக்கில் அது கிடையாது. 6 ஆம்பியர் எம்சிபி தனியாக வைக்க வேண்டும். இலங்கையில் வீட்டுக்காரர்கள் ட்ரிப் சுவிட்ச் என்கிற கசிவு மின்னைத் துண்டிக்கும் கருவி நம் பழைய தறிவீட்டுப் போர்டுகள் பலவற்றில் இல்லை. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் போர்டில் ஏற்றி, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுகிறதா என்று பார்த்த பிறகே தொட்டிக்குள் கை விடலாம். பந்தலுக்கு ஆணி அடிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது.