அகிலன் அடுக்கில் இருக்கிறார், கணினியில் இல்லை

கல்லூரி நூலகத்தில் வாசிப்பு மாதம் என்றால் நமக்கும் அழைப்பு வந்துவிடும். பதாகை, புத்தகக் கண்காட்சி, புதிர்ப்போட்டி, கடைசியில் எல்லாரும் நின்று எடுக்கும் படம். போன முறை நானும் போய் நின்று சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆகவே நிகழ்ச்சியை நடத்தியவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மண்டபத்தில் நல்ல கூட்டம். பக்கத்து அறையில் தமிழ் அடுக்குக்கு முன்னால் ஒருவரும் இல்லை. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

அன்று ஒரு மாணவி வந்து, "டீச்சர், 'பால்மரக் காட்டினிலே' இங்க இல்ல, தேடிப் பாத்துட்டேன்" என்றாள். கணினியைப் பார்த்தேன். அகிலன் பெயரை ஆங்கில எழுத்தில், நாம் எல்லாரும் எழுதுவதுபோல் 'ஜி' போட்டுத் தட்டியிருந்தாள். 'ஜி'யை எடுத்துவிட்டு 'கே' போட்டேன். வந்துவிட்டார். புத்தகம் நாங்கள் நின்ற இடத்திலிருந்து பத்தடிகூட இருக்காது.

இது நூலகரின் பிழை இல்லை. நூலகங்கள் பலவும் தமிழ்ப் பெயர்களைப் பதிவது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறைப்படி. அந்த முறை ஒலியைப் பார்க்காது, எழுத்தைப் பார்க்கும். நமக்கு இருப்பது ஒரே 'க'. அதனால் எங்கு வந்தாலும் 'கே'தான், 'ஜி' கிடையாது. 'ச' வந்தால் 'எஸ்' இல்லை, 'சி'. 'த' வந்தால் 'டி' மட்டும், பக்கத்தில் 'எச்' வராது. 'ழ'வுக்கு 'எல்', அதன் அடியில் ஒரு கோடு. (கோட்டைத் தட்ட வேண்டாம், பெரும்பாலான கணினிகள் அதைக் கண்டுகொள்வதில்லை.) சில நூலகங்களில் தமிழ் எழுத்திலேயே தேடலாம். ஆனால் பழைய பதிவுகளில் தமிழ் எழுத்து ஏற்றப்படாமலே கிடப்பதும் உண்டு.

சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். நூலகங்களில் இடம் போதாதபோது முதலில் பார்ப்பது இரவல் கணக்கை. பல ஆண்டுகளாக யாரும் எடுக்காத நூல் கிடங்குக்குப் போகும், சில சமயம் கழிக்கவும்படும். தேடியவள் 'ஜி' போட்டதால் கிடைக்கவில்லை, கிடைக்காததால் எடுக்கவில்லை, எடுக்காததால் யாருக்கும் தேவையில்லை என்று கணக்கு சொல்கிறது. தமிழ் நூல்களை யாரும் படிப்பதில்லை என்று நாமும் சேர்ந்து வருத்தப்படுகிறோம்.

இந்த அடுக்குகள் சும்மா வந்தவை அல்ல. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தொடங்கியது. அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று போராடிய கோ. சாரங்கபாணி, 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார்கள். கல்லூரி வாசலை மிதிக்காத தொழிலாளர்களும் கொடுத்தார்கள். அந்தச் சாரங்கபாணியையே இன்று 'எஸ்' போட்டுத் தேடினால் பல பட்டியல்களில் அகப்படமாட்டார். என்னத்தைச் சொல்ல!

சரி, புத்தகம் கைக்கு வந்துவிட்டது. அப்புறம்? இங்கேதான் நம் பங்கு இருக்கிறது. நாவல் திறனாய்வு எழுதச் சொன்னால், "ஆசிரியர் பாட்டாளிகளின் துயரை உயிரோட்டமாகச் சித்திரித்துள்ளார்" என்ற வாக்கியம் எத்தனை தாள்களில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அது பயிற்றியில் இருந்த வாக்கியம். அகிலனை எடுத்துவிட்டு 'சயாம் மரண ரயில்' எழுதிய ஆர். சண்முகத்தைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். எந்த நூலுக்கும் பொருந்தும் வாக்கியம் எப்படித் திறனாய்வு ஆகும்? அந்தக் குறிப்பைப் படியெடுத்து வகுப்பில் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டு நாவலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதும் மாணவருக்கு வேறு கேள்விகள் வரும். அகிலன் தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போய் நம் தோட்டத்தை எழுதியவர். சண்முகம் இந்த மண்ணின் எழுத்தாளர். ஜப்பானியர் காலத்தில் சயாம், பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர்களின் கதையை எழுதியவர். அப்படியானால் தோட்டத்துச் சொல் ஒன்றை யார் நின்று விளக்குகிறார், யார் விளக்காமலே கடந்து போகிறார்? யாரை மனத்தில் வைத்து எழுதுகிறார்? 'ரப்பர் மரம்' என்று போடாமல் நம் 'பால்மரம்' தலைப்பில் ஏறியது ஏன்? இவற்றுக்குப் பயிற்றியில் விடை இருக்காது. பக்கத்தைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

தேர்வுக்கு நேரம் இல்லையே என்பீர்கள். முழு நாவலும் வேண்டாம், இரண்டிலும் ஓர் அத்தியாயம் போதும். ஒரு மாணவர் தன் கண்ணால் கண்டு, பக்க எண்ணோடு எடுத்துக் காட்டும் ஒரு வரி, பயிற்றியின் பத்து வரியைவிடத் திருத்துபவர் கண்ணில் படும்.

அடுத்த முறை நூலகத்துக்கு அழைத்துப் போகும்போது படம் எடுப்பதற்கு முன் ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். 'சயாம்' என்பதை 'எஸ்' போட்டு ஒரு தடவை, 'சி' போட்டு ஒரு தடவை தேடச் சொல்லுங்க. வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுக்குக்குப் போகட்டும். டூயி முறை நூலகமாக இருந்தால் தமிழ் இலக்கியம் 894.811-இல் இருக்கும். அந்த மாணவி அன்று அகிலனை எடுத்துக்கொண்டுதான் போனாள். பக்கத்தில் நின்ற இன்னொரு நூலையும் சேர்த்து.